தினமும் ஒரு குட்டு

அந்த நோட்டின் முதல் பக்கம் ஒரு திங்கட்கிழமையில் தொடங்குகிறது. ஆனி மாதத்தின் கடைசி வாரம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. என் மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்த டாக்டரம்மா, ரத்தம் குறைவு, எடையும் வயதுக்குக் குறைவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். மறுநாள் சனிக்கிழமை அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நானே போய் அவரைப் பார்த்தேன்.

"ஒரு மாசம் குழந்தை என்ன சாப்பிடுதோ எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க. வீட்டுலயும் சரி, ஸ்கூல்லயும் சரி. ஒரு கடலை மிட்டாயைக்கூட விடாதீங்க," என்றார்.

எழுதச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். அரக்கோணத்தில் ஒரு நூலகத்தில் வேலை. புத்தகம் போகும்போதும் வரும்போதும் தேதி முத்திரை குத்திக் குத்தி, தேதி இல்லாத எதையும் என்னால் முழுதாக நம்ப முடிவதில்லை. மகளுக்கு முதல் பல் முளைத்த நாள், அவள் முதல் முறையாகத் தயிர் சாதத்தைத் துப்பாமல் விழுங்கிய நாள், வீட்டு முருங்கை பூத்த நாள் எல்லாம் என் பழைய டைரிகளில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப யாரும் படித்ததில்லை, நான் உட்பட.

பள்ளியில் அவள் சாப்பிடுவதைப் பார்க்க நான் அங்கே இருக்கப்போவதில்லை. எட்டு மணி வண்டியைப் பிடித்தால் வீடு திரும்ப மாலை ஆகிவிடும். அதனால் நோட்டில் கோடு போட்டுப் பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் வீடு, என் கையெழுத்து. வலது பக்கம் பள்ளி, அவளுடையது. மூன்றாம் வகுப்பு. எழுத்துகள் கோட்டிலிருந்து தொங்கும் துணிகள் மாதிரி இருக்கும்.

"எல்லாத்தையும் எழுதணுமாம்மா?"

"ஆமா, எல்லாத்தையும்."

"எதையாச்சும் எழுதாம வுட்டா பொய்யா?"

"பொய்தான். நோட்டுல பொய் எழுதக் கூடாது."

அவள் பென்சிலின் பின்புறத்தைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தாள். சாப்பாட்டுக்கு இவ்வளவு யோசனையா என்று நினைத்துக்கொண்டு நான் வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

எங்கள் ஊர் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். வருடத்தின் நாளுக்கு ஒன்று. இதை அவளுக்கு நான் எப்போதோ சொல்லியிருந்தேன். அவள் அதைத் தன் விருப்பப்படி வளர்த்துக்கொண்டாள். அவளுடைய கணக்கில் ஒவ்வொரு நாளும் ஒரு படி. அன்றைக்குச் சாப்பிட்டதெல்லாம் இரவில் அந்தப் படிக்குப் போய்விடும். "நேத்து இட்லி இப்போ எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டால் நான் சன்னல் வழியே மலையைக் காட்ட வேண்டும். விடியும் முன் பார்த்தால் படிக்கட்டு விளக்குகள் மட்டும் தெரியும், மலை தெரியாது. வெளிச்சம் ஒன்றும் இல்லாத வெளியில் ஒரு மஞ்சள் வரி மேலே ஏறிக்கொண்டிருக்கும். அந்த வரியில் நேற்றைய இட்லி, முந்தாநாள் கேழ்வரகுக் கூழ், போன மாதத்து மாம்பழத் துண்டு எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டால், அப்படியும் இருக்கலாம் என்றே தோன்றும்.

அந்தப் படிகளில் தினமும் ஏறுகிறவர் என் கணவர். மலைக்கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைக்கிறார். அவருடைய அப்பாவும் அதையே செய்தார். நாலு மணிக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, யாரிடமும் பேசாமல் வாசலைத் தாண்டிப் போவார். எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது, முட்டையும் கிடையாது. நான் பிறந்த வீடும் அப்படித்தான் என்பதால் அதை ஒரு விதி என்றுகூட நான் நினைத்ததில்லை. மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, சத்துணவுப் பொறுப்பாளர் அம்மா, "கொழந்தை முட்டை சாப்புடுங்களா?" என்று கேட்டார். கணவர் இல்லை என்றார். சாப்பிடாத பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் வாழைப்பழம் தருவார்கள். அவள் பெயர் வாழைப்பழப் பட்டியலில் ஏறியது.

இடது பக்கத்தை நான் நிரப்பினேன். காலையில் ஒரு டம்ளர் பால், அதில் பாதி செடிக்கு. ஒரு தோசை, அதில் ஓரம் மட்டும். மாலையில் அவித்த வேர்க்கடலை, ஒரு கை. இரவு தயிர் சாதம், நாரத்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு. இவற்றுக்கு நடுவே, தினமும் அவள் தவறாமல் சாப்பிட்ட ஒன்று உண்டு. நாலரை மணி வாக்கில் அப்பா மலையிலிருந்து கொண்டுவரும் சர்க்கரைப் பொங்கல். வாழை இலைத் துண்டில் ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். அவர் அதைத் தானே அவள் கையில் வைப்பார். அவள் நக்கி நக்கி, ஏலக்காய்த் தோலைக்கூட விடாமல் தின்றுவிட்டு, கையை முகர்ந்துகொண்டே வீட்டைச் சுற்றி வருவாள்.

வலது பக்கம் அவளுடையது. காலையில் பள்ளியிலேயே உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ உண்டு. "உப்மா. சாம்பார் ஊத்தனாங்க." "கிச்சடி. பட்டாணி 6." மதியத்துக்கும் இப்படித்தான். "தக்காளி சாதம்." "எலுமிச்ச சாதம்." ஒரு நாள், "புளி சாதம். அப்பாவோடது தான் நல்லா இருக்கும்." நோட்டைப் படிப்பது எனக்கு ரயில் பயணத்தின் இன்பமாக ஆனது. அரக்கோணம் வண்டி நெல் வயல்களையும் பனைகளையும் பின்னுக்குத் தள்ளும்போது, முந்தைய நாள் மதியம் ஒரு வேப்ப மரத்தடியில் தட்டோடு உட்கார்ந்திருந்த மகளை நான் பட்டாணி பட்டாணியாகப் பார்த்தேன்.

முதல் புதன்கிழமைப் பக்கத்தில்தான் அந்தச் சொல்லைக் கவனித்தேன். தக்காளி சாதத்துக்குக் கீழே, தனி வரியில்: "குட்டு."

திருப்பிப் பார்த்தேன். திங்கள், குட்டு. செவ்வாய், குட்டு. சாப்பாட்டு நேரத்தில் யாரோ தலையில் குட்டியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் எழுதச் சொன்னதால் அதையும் எழுதியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மெதுவாகச் சாப்பிடுகிறவள், யாராவது பொறுமை இழந்திருக்கலாம். ஒரு தடவை, இரண்டு தடவை. போகட்டும்.

போகவில்லை. வியாழன், "குட்டு பாதி." ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் போல. வெள்ளி, "குட்டு காரம்." அதைப் படித்தபோது என் உச்சந்தலை சுரீரென்றது. அடுத்த செவ்வாய், "குட்டு வெடிச்சி இருந்தது."

நான் சும்மா பயந்துவிடுகிறவள் இல்லை. ஆதாரம் பார்த்தேன். சனி ஞாயிறுகளில் குட்டு இல்லை. சளி பிடித்து அவள் வீட்டில் இருந்த நாளில் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு விட்ட விடுமுறையில் இல்லை. அன்று ஊரே காவடியும் தெலுங்குப் பேச்சும் மஞ்சள் துணியுமாக மலை ஏறியது. அவள் அன்னதான சாம்பார் சாதமும் பஞ்சாமிர்தமும் தின்றதை இரண்டு பக்கத்திலும் நானே எழுதினேன். மறுநாள் பள்ளி திறந்தது. குட்டு வந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காகத் தேதியோடு பொருந்துகிற ஒரு விஷயம் எப்படித் தவறாக இருக்கும்?

இன்னொன்றும் இருந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் அவள் பையை எறிந்துவிட்டுக் குளியலறைக்கு ஓடி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறாள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். தினமும். சொட்டச் சொட்ட வந்து நிற்பாளாம், அப்பா வரும்வரை. தலை வலிக்கிறது, அதனால்தான் என்று முடிவு கட்டினேன். இரவில் எண்ணெய் தடவும் சாக்கில் மண்டையைத் தடவி வீக்கம் தேடினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கூந்தலில் ஈரம் மட்டும் இருந்தது.

ஒரு புதன்கிழமை இரவு சீப்பை வைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தேன்.

"இஸ்கூல்ல யாராச்சும் உன்ன அடிக்கறாங்களா?"

"இல்லியே."

"அப்போ நோட்டுல தினமும் ஒண்ணு எழுதறியே, அது?"

சீப்பின் கீழ் அவள் கழுத்து விறைத்துப்போனது.

"அப்பாகிட்ட சொல்லிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல. யாரு குடுக்கறது?"

"ஆயாதான். எல்லாருக்குந்தான் குடுப்பாங்க." திரும்பிச் சீப்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதம்மா. ப்ளீஸ்மா."

அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. விடுப்பு சொல்லிவிட்டு, நோட்டோடு பள்ளிக்குப் போனேன். மதிய மணி அடித்திருந்தது. பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். நிழல் அசையும்போது தட்டுகள் மாறி மாறி மின்னின. சமையல் ஆயா அன்னக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்துகொண்டிருந்தார். என்னைவிட உயரம், வெற்றிலை போட்ட வாய்.

"என் பொண்ணு தலையில தினமும் குட்டறீங்களாமே?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"நானா? ஐய, இன்னாம்மா சொல்ற? இத்தினி வாய்க்கும் சோறு போடறதுக்கே எனக்கு ரெண்டு கை பத்தல. இதுல குட்டறதுக்கு மூணாவது கை எங்கருந்து வரும்?"

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். சத்துணவுப் பொறுப்பாளர் அம்மா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "குட்டு பாதி, குட்டு காரம்…" வரிசையில் என் மகள் தட்டைப் பார்த்தபடி உறைந்திருந்தாள். அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு குண்டுக் கன்னச் சிறுமிதான் வாயில் சோற்றோடு கத்தினாள்.

"ஆன்ட்டி! அது குட்டு இல்ல ஆன்ட்டி, குட்டு!"

எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. காதில் அப்படி இல்லை. குண்டு என்று சொல்லும்போது வரும் கு. வண்டு என்று சொல்லும்போது வரும் டு, அழுத்தி. அந்தச் சிறுமி கே.ஜி.கண்டிகையிலிருந்து வருகிறவள், வீட்டில் தெலுங்கு. சந்தேகம் எதுவும் எனக்கு மிஞ்சிவிடக் கூடாது என்று, என் மகளின் தட்டிலிருந்து பாதி கடித்த முட்டையை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினாள். மிளகுத் தூள் ஒட்டிய வெள்ளை, நடுவே மஞ்சள்.

அவளுடைய இன்னொரு கையில் என் மகளின் வாழைப்பழம் இருந்தது.

ஆயா முதலில் சிரித்தார், வெற்றிலைச் சாறு வழிய. "ஆங், இதுக்குத்தான் எம் மேல பஞ்சாயத்தா? நல்லா வந்து சேந்த போ, தாயீ." பிள்ளைகள் எல்லாம் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். பொறுப்பாளர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இப்படி மாற்றிக்கொள்வது அவருக்குத் தெரியாது. தெரிந்தபின் விட முடியாது.

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல வேணாம்னு சொல்லியிருக்கற கொழந்தை வயித்துக்குள்ள முட்டை போனா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க. ஒண்ணு, அவங்கப்பா கையெழுத்து போட்டு, முட்டை குடுக்கலாம்னு ஒரு லெட்டர் குடுங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து பழம் மட்டுந்தான். பக்கத்துல ஒக்காரவும் வெக்க மாட்டேன்."

ஆயிரம் தடவை புரட்டிய நோட்டு. அதில் ஒரு நாளும் வாழைப்பழம் என்ற சொல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எழுதியிருந்ததையே தேதி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் விட்டதைப் பார்க்கவில்லை.

மாலையில் அவளோடு நடந்தே வீட்டுக்கு வந்தேன். மழை வருவது போன்ற, வராது போன்ற வெளிச்சம். மலை மிக அருகே வந்து நின்றிருந்தது. கடைசிப் படிகள் எண்ணக்கூடிய தூரத்தில் இருந்தன.

"முட்டைன்னு ஏன் எழுதல?"

"முட்டை சாப்புடக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு இல்ல? அதான், குட்டுன்னு எழுதினேன்."

"எழுதாமலே வுட்டிருக்கலாமே?"

"நீதான எழுதாம வுட்டா பொய்னு சொன்ன."

தெருமுனைக் குழாயைத் தாண்டினோம்.

"அப்போ தலைக்கு ஏன் ஊத்திக்கற?"

"அப்பா பொங்கல் செய்யறதுக்கு முன்னால குளிக்கறாரு இல்ல? நான் பொங்கல் வாங்கறதுக்கு முன்னால குளிக்கறேன். அப்போ சரியாப் பூடும்." நாலைந்து அடி நடந்த பிறகு நின்று என் புடவையைப் பிடித்தாள். "சரியாப் பூடும் இல்லம்மா? இனிமே அப்பா எனக்கு பொங்கல் தர மாட்டாரா?"

அவர் என்ன சொல்வார் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அவளுடைய உடம்புக்கு முட்டை வேண்டும். அவளுக்கோ பொங்கல் வேண்டும். இரண்டில் எதை விடச் சொன்னாலும் அவள் விட்டுவிடுவாள், முகத்தில் எதுவும் காட்டாமல். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அன்று பொங்கலை வாங்கிக்கொள்ள அவள் வரவில்லை. தூக்கம் வருகிறது என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இலைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கணவர் கூடத்தில் நின்றார். நான் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், மருத்துவ முகாமில் தொடங்கி, நாள்வாரியாக.

"வூட்டுல இல்லாதது வெளியில எதுக்கு?" என்றார். கோபமாக இல்லை. அதனால் இன்னும் கடினமாக இருந்தது. "பருப்பு போடு. கீரை போடு. நெய் நான் கொண்டாரேன்."

"போட்டுக்கினுதானேங்க இருக்கேன்."

"மேல யாராச்சும் கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

நான் நோட்டை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். புத்தகம் எதையும் அவர் அவ்வளவு நேரம் படித்து நான் பார்த்ததில்லை. அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "புளி சாதம். அப்பாவோடது தான் நல்லா இருக்கும்" என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு இடது பக்கத்தின் ஓரத்தில் நான் சிறிதாகக் குறித்திருந்ததைக் காட்டினார். "தலைக்குக் குளியல்" என்று வரிசையாக இருந்தது.

"தினமும் எதுக்கு தலைக்கு ஊத்திக்கறா? நானும் பாக்கறேன், ஈரத் தலையோடதான் வந்து நிக்கறா."

அதை மட்டும்தான் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது சொன்னேன்.

அவர் நோட்டை மூடவில்லை.

"என் பொங்கலுக்கோசரமா?" என்றார்.

"ஆமாங்க."

"நான் குளிக்கறத யாரு அவளுக்கு சொன்னது? அந்நேரத்துக்கு தூங்கிக்கினுதான இருப்பா?"

"தூங்கறதில்ல போல."

அவர் சமையலறையிலிருந்து போய், படுத்திருந்தவளின் அருகில் குனிந்து தலையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, "இந்தக் காத்துல தினமும் தலைக்கு ஊத்திக்கினு நின்னா சளி புடிக்காம இன்னா செய்யும்? கை கால் கழுவிக்கினு வந்தா போதும்னு சொல்லு அவகிட்ட," என்றார். பிறகு, "லெட்டர் எழுது," என்றார்.

இரண்டே வரி எழுதினேன். முட்டை என்ற சொல் வரும் இடத்தில் அவர் கண் ஒரு கணம் தங்கித் தாண்டியது. கையெழுத்துப் போட்டார். மடைப்பள்ளியிலிருந்து வந்த கை. எவ்வளவு துடைத்தாலும் நெய் போகாது. பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் பட்ட இடம் கண்ணாடி போல ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அதைப் பள்ளியில் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

அன்று மாலை சீக்கிரம் திரும்பிவிட்டேன். மகள் கை கால் கழுவிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். தலை காய்ந்திருந்தது. அது பிடிபடாதவள் போல அடிக்கடி தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இலையைப் பிரிக்காமல், அவள் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு இஸ்கூல்ல இன்னா சாப்ட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எங்கும் பார்க்கவில்லை.

"கிச்சடி. அப்புறம் மதியம் கறிவேப்பிலை சாதம்." நிறுத்தினாள். சன்னலுக்கு வெளியே மலைப் படிகளில் சாயங்கால பூஜைக்கு ஆட்கள் ஒவ்வொருவராக ஏறத் தொடங்கியிருந்தார்கள். "அப்புறம் குட்டு."

"பாதியா, முழுசா?" என்று கேட்டார், அந்தக் கண்டிகைச் சிறுமி சொன்ன அதே ஓசையில். மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் தெலுங்கில் பேசுகிறவர் அவர்.

"முழுசு."

"ஆங். அப்போ வயித்துல எடம் இருக்குதா?"

அவள் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். அவர் இலையைப் பிரித்தார். வழக்கமான நெல்லிக்காய் அளவு இல்லை. இரண்டு கையும் நிறைந்தது.